ஆறாம் புத்தகத்துக்காகவே வாங்கலாம்

ஈஜினா பவுல் எழுதிய ஏழு மருத்துவப் புத்தகங்கள், பிரான்சிஸ் ஆடம்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில், மூன்று தொகுதிகளாக. 1844 முதல் 1847 வரை சிடன்ஹாம் சங்கம் வெளியிட்டது. ஆடம்ஸ் ஸ்காட்லாந்தில் பான்கரி என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டே இவ்வளவு வேலையும் செய்தவர்.

பவுல் 7ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) வைத்தியர். ஏன் எழுதுகிறேன் என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். வக்கீல்கள்கூட சட்டச் சுருக்கத்தைக் கையோடு வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு வேலை ஊருக்குள்தான். வைத்தியருக்கோ வயல்வெளியிலும் பாலைவனத்திலும் நடுக்கடலிலும் அவசரம் வரும். ரோமப் பேரரசர் ஜூலியனின் வைத்தியர் ஒரிபாசியஸ் தொகுத்தது எழுபது புத்தகம். அதை யார் தூக்கிக்கொண்டு அலைவது? அவரே மகனுக்காக எழுதிய சுருக்கமோ பல நோய்களை விட்டுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார் மனிதர்.

நான் அறுவை அரங்கில் செவிலியாக இருப்பவள். அதனால் நேராக ஆறாம் புத்தகத்துக்குத்தான் போனேன், அது முழுக்க அறுவை. தொண்டை அடைத்து மூச்சு முட்டுகிறவருக்கு மூச்சுக்குழலைத் திறக்கும் முறையை அங்கே படித்தபோது உடம்பு சிலிர்த்தது. தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். மூன்றாவது அல்லது நான்காவது வளையத்தருகே, குருத்தெலும்பை வெட்டாமல், இரண்டு வளையங்களுக்கு நடுவிலுள்ள சவ்வைக் குறுக்கே கீற வேண்டும். காற்று சீறி வெளியே வந்து குரல் நின்றுபோனால் குழல் திறந்துவிட்டது என்று அர்த்தம். ஆபத்து நீங்கியபின் தோலை மட்டும் தைக்க வேண்டும், குருத்தெலும்பில் ஊசி படக்கூடாது. நோய் நுரையீரல் வரை இறங்கியிருந்தால் இதைச் செய்து பயனில்லை என்ற எச்சரிக்கையும் உண்டு. தலையைச் சாய்த்து வைப்பது இன்றும் எங்கள் மேஜையில் முதல் வேலை.

இந்த முறை தன்னுடையது என்று பவுல் சொல்லிக்கொள்ளவில்லை, தனக்கு முந்தைய கிரேக்க வைத்தியர் அன்டில்லஸ் சொன்னது என்று பெயரோடு எழுதுகிறார். அன்டில்லஸின் நூல்கள் முழுதாக நம் கைக்கு வரவில்லை. இப்படி அடுத்தவர்கள் எடுத்தெழுதிய துண்டுகளில்தான் அவர் மிஞ்சியிருக்கிறார். அந்த ஒரு பெயரை விடாமல் எழுதியதற்காகவே பவுலை எனக்குப் பிடித்துப்போனது. 9ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் பவுலின் நூலை அரபியில் கொண்டுவந்தார். பிறகு ஸ்பெயினில் அல் சஹ்ராவி தன் அறுவை நூலுக்கு ஆறாம் புத்தகத்திலிருந்து நிறைய எடுத்துக்கொண்டார்.

ஆடம்ஸின் விளக்கவுரை பல இடங்களில் மூலத்தைவிட நீளம். கிரேக்கர், ரோமர், அரபியர் யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒப்பிடுகிறார். எனக்கு அது வரம், அவசரப்படுகிறவர்களுக்குச் சலிப்பு தட்டும். ஆங்கிலமும் பழசு. மூன்றாம் தொகுதி முழுக்க மருந்துச் சரக்குகள், புரட்டிப் பார்த்தால் போதும்.

மறுபதிப்பு வாங்கும்போது மட்டும் கவனம். எனக்கு வந்ததில் எழுத்து மங்கி, சில பக்கங்களின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. காப்புரிமை தீர்ந்த நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் இரண்டாம் தொகுதியை இறக்கிக்கொள்ளுங்கள், ஆறாம் புத்தகம் அதில்தான் இருக்கிறது.