ஆத்தங்குடிப் பட்டறையில் வாங்கிய ஆயிரம் கற்களும் அங்கே பார்த்த கூலிக் கணக்கும்

தேவகோட்டையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் வளவில் (உள்முற்றப் பகுதியில்) பெயர்ந்துபோயிருந்த தளத்தை மாற்ற, ஆத்தங்குடியில் ஒரு சிறிய பட்டறையில் ஆயிரம் பூக்கற்கள் வாங்கினோம். பக்கத்துப் பட்டறையைவிடக் கல்லுக்கு நான்கு ரூபாய் கூடுதல். அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுத்தேன்.

கண்ணாடியின் மேல் சட்டத்தையும் அச்சையும் வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கி, உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையிட்டுக் கரணையால் அழுத்துகிறார்கள். தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திக் கண்ணாடியைக் கழற்றும்போது மெருகு தானாக வந்திருக்கிறது. பூவின் ஓரங்கள் எங்கும் கலங்கவில்லை. உடைந்தவை ஆறு, மாற்றிக் கொடுத்தார்கள். பச்சை நிறத்தில் மட்டும் இரண்டு தவணைக் கற்களுக்கிடையே சிறு வேறுபாடு தெரிகிறது. சொன்ன நாளுக்குப் பன்னிரண்டு நாள் தாமதம், மழையால்.

கூலிப் பேச்சைத் தொடங்கி வைத்ததும் மழைதான். "மழ பேஞ்சா கல்லு காயாதுண்ணே. முன்ன இருந்த எடத்துல கல்லுக் கணக்கு, அன்னிக்குக் கூலியே கெடையாது. இங்க நாள் சம்பளம்" என்றார் குழம்பு கலக்கிக்கொண்டிருந்த அக்கா. குறைந்தபட்சக் கூலி நாள் கணக்கில் மட்டும் நிர்ணயிக்கப்பட்டிருக்கும் தொழிலில், எண்ணிக்கைக் கணக்கில் வேலை வாங்கினாலும் அந்த நாள் கூலிக்குக் குறையக் கூடாது என்பது 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவாக இருந்தது. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பிலும் அந்த விதி தொடர்கிறது.

பட்டறைக்காரர் தம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். அரிசி, பருப்பு, எண்ணெய், வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு என்று முதலில் குடும்பச் செலவை எழுதி, அதிலிருந்து நாள் கூலியைக் கண்டு, கல்லின் விலையைக் கடைசியில்தான் போட்டிருந்தார். 1957-இல், அரசும் முதலாளிகளும் தொழிலாளர்களும் கூடும் இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த முறையும் ஏறக்குறைய இதுவே: வளர்ந்த ஆளுக்கு நாளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை; இவற்றோடு எரிபொருள் முதலிய சில்லறைச் செலவுக்கு மொத்தக் கூலியில் 20 விழுக்காடு. படிப்பு, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்காக மேலும் 25 விழுக்காட்டை உச்ச நீதிமன்றம் 1991-இல் ராப்டகோஸ் பிரெட் நிறுவனத் தொழிலாளர் வழக்கில் சேர்த்தது. சந்தையில் கல் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு மிச்சத்தைக் கூலியாகக் கொடுப்பது இதற்கு நேர் எதிரானது. அந்த வழியில் விலைப்போட்டியின் சுமை முழுவதும் குனிந்து கல் அழுத்துபவரின் சோற்றில்தான் விழும்.

2019-இல் மத்திய அரசின் நிபுணர் குழு 2,400 கலோரி போதும் என்று கணக்கிட்டது. நாள் முழுதும் ஈரக் கற்களைச் சுமந்து அடுக்குபவருக்கு அது போதும் என்று நான் நம்பவில்லை. 1957-இன் கணக்கிலும் ஒரு குறை உண்டு: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று மூன்று நுகர்வு அலகோடு (வளர்ந்த ஆணின் தேவையை ஒன்றாகவும் மற்றவர்களுடையதை அதைவிடக் குறைவாகவும் எண்ணும் அளவு) அது நின்றுவிடுகிறது. அந்த அக்காவின் வீட்டில் படுக்கையில் இருக்கும் மாமியார் எந்த அலகிலும் வரமாட்டார்.

இதைச் சொன்னபோது பட்டறைக்காரர் மறுக்கவில்லை; கல்லுக்கு இன்னும் ஒரு ரூபாய் ஏறும் என்றார். முகப்புக்கு வேண்டிய அறுநூறு கற்களை அந்த விலைக்கே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன்பே சொல்லிவைப்பதும், பச்சைக் கற்களை ஒரே தவணையில் கேட்டு வாங்குவதும் நல்லது.