இலையடியில் ஊரும் பொடிப் பூச்சி: லென்ஸா, போனா, ஆப்பா, ஆராய்ச்சி நிலையமா?

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. மிளகாய்க் கொழுந்து சுருண்டு நிற்கிறது, ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. சேலம் பக்கம் இப்படி ஆனால் பலரும் ஒரு கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு நேரே மருந்துக் கடைக்குத்தான் போகிறார்கள். திரும்பி வரும்போது கையில் ஒரு பாட்டில் இருக்கும். செடியில் இருப்பது என்ன என்பது மட்டும் தெரிந்திருக்காது.

அது தெரியாமல் அடித்தால் என்ன ஆகும்? செஞ்சிலந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எட்டுக் கால். பூச்சி இனமே இல்லை, சிலந்திக்குச் சொந்தம். சாறு உறிஞ்சும் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் கேட்கிற இமிடாகுளோபிரிட் என்ற மருந்து அதற்குக் கேட்காது. அதைத் தின்னும் நல்ல பூச்சிகள் மருந்தில் செத்து, பங்குனி, சித்திரை வெயிலில் செஞ்சிலந்தி முன்பைவிட அதிகமாகப் பெருகும். காசும் போய், செடியும் போகும். அதனால் அடையாளம் காண்பதுதான் முதல் வேலை என்று நினைக்கிறேன். அதற்கு இன்று கையிலிருக்கும் வழிகளில் எது எதற்கு உதவும் என்று பார்ப்போம்.

முதலில் கைலென்ஸ். நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது இதைத்தான். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறவர்கள் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் லென்ஸும் உதவும், ஆனால் அதில் பெருக்கம் குறைவு. மடக்கி வைக்கும் பத்து மடங்கு லென்ஸ்தான் சரி. முப்பது, அறுபது என்று எழுதி மலிவாக விற்பதை நம்பி வாங்க வேண்டாம். எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் நிஜமில்லை, படமும் மங்கல். பலர் லென்ஸை இலைமேல் பிடித்துக்கொண்டு தள்ளி நின்று பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வெயில் படும்படி இலையைக் கிட்டே கொண்டுவர வேண்டும். லென்ஸிலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்கு வந்ததும் பளிச்சென்று தெரியும்.

செஞ்சிலந்தி அரை மில்லிமீட்டர்தான். பத்து மடங்கில் அது ஐந்து மில்லிமீட்டராகத் தெரியும். காலை எண்ணலாம், உடம்பின் இரு பக்கமும் உள்ள கரும்புள்ளியைப் பார்க்கலாம், நூலாம்படையும் உருண்டை முட்டைகளும் தெரியும். இலைப்பேன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் ஒடுக்கமாக இருக்கும், தொட்டால் நெளிந்து ஓடும். அசுவினியின் பின்பக்கம் இரண்டு சிறு குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வேறு எதற்கும் அது கிடையாது. பனமரத்துப்பட்டி அரளித் தோட்டத்தில் பளிச்சென்ற மஞ்சள் உடம்பும் கருப்புக் காலுமாக மொய்ப்பது அசுவினிதான். அது உரித்துப் போட்ட வெள்ளைத் தோல் இலையில் கிடப்பதைப் பார்த்து வெள்ளை ஈ என்று மருந்து அடிப்பவர்கள் உண்டு. லென்ஸில் பார்த்தால் அது வெறும் சக்கை, உயிரில்லை.

உயிர் இருக்கிறதா, எப்படி நகர்கிறது என்பது பெரிய தடயம். செஞ்சிலந்தி மெதுவாக ஊரும். அதை வேட்டையாடும் நல்ல சிலந்திப்பேன் (செஞ்சிலந்தியின் சொந்தம்தான்) நிற்காமல் வேகமாக ஓடும். இரண்டுக்கும் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓட்டத்தை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். போட்டோவில் அந்த ஓட்டம் தெரியாது. லென்ஸோடு ஒரு வெள்ளைத் தாளும் வேண்டும். கிளையைத் தாளின்மேல் இரண்டு தட்டு தட்டி, விழுந்ததில் எது நகர்கிறது என்று பாருங்கள். தூசி நகராது.

லென்ஸுக்கும் எல்லை உண்டு. மிளகாயைச் சுருட்டும் மஞ்சள் சிலந்திப்பேன் 0.2 மில்லிமீட்டர்தான். பத்து மடங்கில் அது வெளிர் புள்ளியாகத்தான் தெரியும். அப்போது இலையையே சாட்சி கேட்க வேண்டும்: இலைப்பேன் என்றால் இலை மேல்நோக்கிச் சுருளும், சிலந்திப்பேன் என்றால் கீழ்நோக்கி. முரணை என்று ஒரே பெயரில் சொல்கிற இரண்டு கோளாறுகளுக்கு மருந்து வேறு வேறு.

அடுத்தது போனில் மாட்டும் கிளிப் லென்ஸும், கம்ப்யூட்டரில் செருகும் சின்ன மைக்ராஸ்கோப்பும். இரண்டையும் ஒன்றாகவே சொல்லலாம். வயதானவர்களுக்கு இது பெரிய உதவி; கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதில்லை, திரையில் வீட்டிலுள்ள எல்லோரும் பார்க்கலாம், படத்தைச் சேமிக்கலாம். மஞ்சள் சிலந்திப்பேனின் முட்டைமேல் உள்ள வெள்ளைப் புள்ளி வரிசையை நல்ல மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது. ஆனால் வயலில் நின்றுகொண்டு பயன்படுத்த முடியாது. காற்றில் இலை ஆடும், கை நடுங்கும், பொருள் ஃபோகஸை விட்டு ஓடிவிடும். இலையைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆயிரம் மடங்கு என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் பொருட்படுத்த வேண்டாம். கைலென்ஸ் இருந்தால் இது இரண்டாவதாக வாங்க வேண்டியது.

ஆப் விஷயத்துக்கு வருவோம். படம் எடுத்தால் பெயர் சொல்லும் ஆப்கள் நிறைய வந்துவிட்டன. மத்திய அரசே 2024 ஆகஸ்ட் 15 அன்று என்பிஎஸ்எஸ் என்ற பூச்சிக் கண்காணிப்பு முறையைத் தொடங்கியது. பெரிய புழு, வண்டு, தண்டில் ஓட்டை என்றால் இவை உதவும். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நான் நம்பமாட்டேன். காரணம் எளிது: போன் படத்தில் பூச்சியே சரியாக விழுவதில்லை, அதனால் ஆப் பார்ப்பது இலையின் நிறத்தை. இலையில் பொடிப் பொடியாக மஞ்சள் புள்ளி பல காரணத்தால் வரும். ஆப் சொல்லும் பெயரை ஒரு சந்தேகமாக எடுத்துக்கொண்டு லென்ஸை வைத்து உறுதி செய்தால் தவறில்லை. அது காட்டும் மருந்தை அப்படியே வாங்கப் போவதுதான் ஆபத்து.

மஞ்சள் அட்டை, நீல அட்டை பற்றி இரண்டு வரி போதும். மஞ்சளில் வெள்ளை ஈயும் சிறகு முளைத்த அசுவினியும், நீலத்தில் இலைப்பேனும் ஒட்டும். மஞ்சள் பெயின்ட் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் தடவினாலும் வேலை நடக்கும். ஆனால் பறக்காததை அது பிடிக்காது; அட்டை காலியாக இருப்பதால் செஞ்சிலந்தி இல்லை என்று ஆகாது.

ஏற்காட்டில் கணக்கு கொஞ்சம் மாறும். குளிரும் பனியும் உள்ள காப்பித் தோட்டத்தில் செஞ்சிலந்தியைவிடப் பச்சைச் செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும்தான் தொல்லை. இவை கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு மேலும் கீழும் போய்வந்தால் அந்தக் கிளையை முதலில் பாருங்கள். அராபிகா இலையின் அடியில், நடு நரம்பிலிருந்து கிளை நரம்பு பிரியும் இடத்தில் சின்னக் குழிகள் இருக்கும். புதிதாக லென்ஸ் வாங்கியவர்கள் அதற்குள் சிலந்திப்பேன் ஊர்வதைப் பார்த்துப் பதறுவார்கள். அங்கே குடியிருப்பவை பெரும்பாலும் பூஞ்சையையோ மற்ற சிலந்திப்பேன்களையோ தின்று வாழ்பவை, விட்டுவிடுங்கள். அதேபோல, மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே வெள்ளை மெழுகு நூல்களோடு கொஞ்சம் பெரிதாக ஒன்று சுறுசுறுப்பாக நடந்தால் அது கிரிப்டோலேமஸ் வண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்று தீர்ப்பதே அதுதான். காப்பியின் பச்சைச் செதிலுக்காக 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த வண்டு இது. அதைக் கொன்றுவிட்டு மாவுப்பூச்சி ஒழியவில்லையே என்று வருந்துவது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

கடைசியாக ஆராய்ச்சி நிலையம். லென்ஸும் மைக்ராஸ்கோப்பும் தோற்கும் இடம் ஒன்று உண்டு: ஒரே குடும்பத்தில் எந்த வகை என்பது. குச்சிக்கிழங்கில் அது நடந்தது. பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் தெரியவந்து, கிழங்கையும் தாக்கியது. அதற்கு ஒரு குட்டிக் குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து 2010-ல் விட்டார்கள், அடங்கியது. பிறகு 2020-ல் திருச்சூரில் வேறொரு மாவுப்பூச்சி தெரியவந்தது. அது மரவள்ளிக்கென்றே உள்ள வகை, சேலம், நாமக்கல் வயல்களுக்கும் வந்து கொழுந்தைக் குவித்து முடக்கியது. தூர நின்று பார்த்தால் இரண்டும் வெள்ளை மாவுதான். நசுக்கினால் பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சளாகக் கசியும். புதியதன் உடம்பு மெழுகுக்கு அடியில் இளஞ்சிவப்பு. முதல் குளவி இரண்டாவது பூச்சியைத் தொடாது. பெயரை உறுதி செய்த பிறகுதான் அதற்குரிய அனகைரஸ் லோபெசி குளவியை ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்து, 2022-ல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். இந்த அளவு அடையாளத்தைக் கைலென்ஸால் செய்ய முடியாது, செய்ய முயலவும் வேண்டாம்.

எனவே பழக்கமான பூச்சிக்குக் கைலென்ஸும் வெள்ளைத் தாளும். இதுவரை பார்த்தே இராத ஒன்று வேகமாகப் பரவினால் ஏத்தாப்பூர், சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம், மலைமேல் இருப்பவர்களுக்கு ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். போகும்போது ஒரு இலையோடு நிற்காமல் கொழுந்து, முற்றிய இலை, தண்டு மூன்றையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போங்கள். பாலிதீன் கவரில் கட்டினால் வேர்த்து அழுகிவிடும். சில பூச்சிகளைச் சின்னப் பாட்டிலில் சானிடைசர் ஊற்றித் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். போகவே முடியாத நாளில் கிசான் கால் சென்டர் 1800-180-1551-ல் தமிழிலேயே பேசலாம். லென்ஸில் பார்த்ததைச் சொன்னால் அவர்களும் தெளிவாகச் சொல்வார்கள். மாதிரியை மட்டும் மருந்து அடிப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.