ரொறன்ரோக் குளிரில் குட்டை ஊசியிலை மரங்கள்: சாடியில் எது தாங்கும்?

ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டு முன்வாசல் தென்மேற்குப் பார்த்தது. அங்கே பூச்சாடிகளில் நாலைந்து வகைக் குட்டை ஊசியிலை மரங்களைப் பல வருடமாக வளர்க்கிறேன். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஊரே மொட்டையாகக் கிடக்கும்போது வாசலில் ஏதாவது பச்சையாக நிற்கட்டும் என்றுதான் தொடங்கினேன். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வடிவத்திலும் நிறத்திலும் மயங்காமல், வேர் எவ்வளவு குளிர் தாங்கும் என்று பாருங்கள்.

நிலத்தில் நிற்கும் மரத்தின் வேருக்கு மண்ணே போர்வை. சாடியிலோ நாலு பக்கமும் குளிர் ஏறும். கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது. குளிரை வைத்து இடங்களை எண் போட்ட வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள், எண் குறையக் குறையக் குளிர் கூடும்; மரத்தின் எண் அது தாங்கும் வலயம். நம்முடைய இடம் 6-ஆம் வலயம் என்றால், சாடிக்கு 4 அல்லது அதற்குக் குறைந்த எண் போட்ட மரத்தைத்தான் எடுக்கவேண்டும்.

அந்தக் கணக்கில் முதலிடம் மூகோ பைனுக்கு. அல்ப்ஸ் மலைக்காரன், இந்தப் பனியெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. விதையில் முளைத்த மூகோ எவ்வளவு பெரிதாகும் என்று சொல்லமுடியாது என்பதால் ‘மொப்ஸ்’ போலப் பெயர் போட்ட வகையாகக் கேட்டு வாங்குங்கள். வசந்தத்தின் கடைசியில் நிமிர்ந்து வரும் இளந்தளிரை, ஊசிகள் விரியுமுன் விரலால் பாதியாகக் கிள்ளிவிட்டால் அடர்த்தியாக நிற்கும். பேர்ட்ஸ் நெஸ்ட் ஸ்ப்ரூஸும் அப்படித்தான், தொல்லை தராது.

வாசலுக்கு எல்லாரும் தேடுவது கூம்பு வடிவக் குட்டை அல்பேர்ட்டா ஸ்ப்ரூஸ். 1904-இல் அல்பேர்ட்டாவின் லகான் (இன்றைய லேக் லூயிஸ்) பக்கம் ரயிலுக்குக் காத்திருந்த, அமெரிக்காவின் ஆர்னல்ட் தாவரத் தோட்டத்துத் தாவரவியலாளர்கள் ஜாக், ரேடர் இருவர் கண்ணிலும் பட்ட மரம் இது. கத்தரிக்காமலே கூம்பாக வளரும் அழகுக்கு ஈடில்லை. ஆனால் இதுதான் அதிகம் வேலை வாங்கும்.

பெப்ரவரி, மார்ச்சில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஊசிகள் ஈரத்தை இழக்கும். வேரோ உறைந்து கிடக்கும், தண்ணீர் ஏற்றமுடியாது. ஏப்ரலில் பார்த்தால் தென்மேற்குப் பக்கம் மட்டும் செம்பட்டையாகக் காய்ந்திருக்கும். கிளை மொட்டையாகிவிட்டால் அந்தப் பக்கம் திரும்பத் துளிர்க்காது. சாடி மண் உறையும்வரை தண்ணீர் ஊற்றுவதும், நாலு தடி நட்டு மரத்தில் முட்டாமல் சாக்குத்துணி கட்டுவதும்தான் மருந்து. வாசல் அசிங்கமாகத்தான் தெரியும், பரவாயில்லை.

இன்னொன்று சிலந்திப்பேன். கோடையில் அடங்கி, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் பெருகும். கிளைக்குக் கீழே வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி ஊர்ந்தால் பேன். குழாயால் உட்பக்கம்வரை பலமாகத் தண்ணீர் பீய்ச்சி, சில நாள் விட்டுத் திரும்பவும் செய்தால் பெரும்பாலும் போதும். சிலவேளை ஒரு கிளை மட்டும் நீண்ட ஊசிகளோடு வெளியே பாயும். அது பழைய பெரிய ஸ்ப்ரூஸ் குணத்துக்குத் திரும்பிய கிளை. அடியோடு வெட்டாவிட்டால் மரத்தையே விழுங்கிவிடும்.

ஹினோக்கி சைப்ரஸ் விசிறி விசிறியாக அடுக்கிய பச்சை. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான். ஆனாலும் இங்கே சாடியில் அதை நம்பமாட்டேன், காற்று மறைவான கிழக்குப் பக்கத்து நிலத்தில் வைத்திருக்கிறேன். இலையுதிர்காலத்தில் உட்பக்கத்துப் பழைய இலை பழுப்பாவது இயல்பு. அதைப் பார்த்து மரம் செத்துப்போச்சு என்று பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு!

நத்தார் காலத்தில் கடைகளில் சிவப்புத்தாள் சுற்றி எலுமிச்சை வாசத்தோடு விற்கும் மஞ்சள்பச்சைக் கூம்பு, கலிபோர்னியாவின் மொன்டரே சைப்ரஸ் வகை. எங்கள் குளிரில் வெளியே வைத்தால் செத்துவிடும், வீட்டு ஹீட்டர் சூட்டில் காய்ந்துவிடும். பூங்கொத்து மாதிரி நினைத்தால் வாங்கலாம்.

சுட்ட மண்சாடி ஈரம் உறைந்து வெடிக்கும். கனத்த பிளாஸ்டிக் அல்லது மரப்பெட்டி நல்லது. தோட்டத்து மண்ணை அள்ளிப் போடாதீர்கள், இறுகித் தண்ணீர் தேங்கும். பசளை வசந்தத்தில் கொஞ்சம், அவ்வளவுதான்.

குட்டை என்றால் வளராது என்று நினைக்கவும் வேண்டாம். அமெரிக்கக் கொனிஃபர் (ஊசியிலை மர) சங்கத்தின் அளவுப்படி வருடம் 1 முதல் 6 அங்குலம் வளர்ந்தாலும் அது குட்டை ரகம்தான். அல்பேர்ட்டா ஸ்ப்ரூஸ் ஆறுதலாகப் பத்தடியையும் தாண்டும்.

செப்ரெம்பர் கழிவு விலையில் வாங்குவதானால் உடனே நிலத்தில் நட்டுவிடுங்கள். சாடிக்கு வேண்டுமென்றால் விலை கொஞ்சம் கூடினாலும் மே மாதமே வாங்குங்கள், குளிருக்கு முன் வேர் பிடிக்க ஒரு கோடை முழுவதும் கிடைக்கும்.