'எட்டு கோர்' என்ற ஒரு வார்த்தைக்குப் பதினோரு மாதச் சேமிப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன்

நேற்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். இருந்த கோபத்தில் கடையின் பெயரையும் சேர்த்து அடித்துவிடுவேனோ என்று பயந்து மூடி வைத்துவிட்டேன். கோபம் இப்போதும் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் பெயர் வேண்டாம். எல்லா பிராண்டும் விற்கிற பெரிய மொபைல் கடை. கண்ணாடிக் கதவு, ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்ட பையன்கள், மேஜை மேஜையாகக் கயிறு கட்டி வைத்த போன்கள். அந்த மாதிரி கடை எது என்று உங்களுக்கே தெரியும். பத்து நாளுக்கு முன்னால் அங்கே போய், பதினோரு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்திருந்த பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். பதினோரு மாதம்!

என் வேலை வண்டிக் காப்பீட்டு சர்வே. இடிபட்ட வண்டியைச் சுற்றி வந்து முப்பது நாற்பது போட்டோ எடுக்க வேண்டும். அங்கேயே நின்று அதை ஆப்பில் ஏற்ற வேண்டும், ஒரு சின்ன வீடியோவும் எடுக்க வேண்டும். வண்டிக்காரர் வெயிலில் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நாலு வருஷமாக உழைத்த பழைய போன் கீழே விழுந்து திரை போய்விட்டது. புதுசு வாங்கத்தான் வேண்டும், வேகமாக இருந்தால் போதும். கடைப் பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அதுதான் இன்னும் எரிகிறது.

அவன் ரொம்பப் பொறுமையாகக் கேட்டான். ஒரு போனை எடுத்து என் கையில் கொடுத்து, "தள்ளிப் பாருங்க சார்" என்றான். தள்ளினேன். திரை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. "தொண்ணூறு ஹெர்ட்ஸ் சார். 50 மெகாபிக்சல் கேமரா. 8 ஜிபி ரேம்." எல்லாம் சரி, பிராசஸர் எப்படித் தம்பி, வேலைக்குத் தாங்குமா என்று கேட்டேன். கேட்டேன், மறக்கவில்லை. அவன் இரண்டு கையையும் தூக்கி எட்டு விரலை விரித்துக் காட்டினான். "எட்டு கோர் சார். எட்டு! உங்க வேலைக்கு இது அதிகம்."

அந்த எட்டு விரலில்தான் விழுந்தேன். கோர் என்றால் பிராசஸர் சிப்புக்குள் வேலை செய்கிற தனித்தனி மூளை மாதிரி. பெட்டியிலும் 'எட்டு கோர், 2.3 கிகாஹெர்ட்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. சிப்பின் பெயர் பெட்டியில் எந்தப் பக்கமும் இல்லை. அது ஏன் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பில் போட்டாயிற்று, மேலே ஒட்டுகிற கண்ணாடியையும் தலையில் கட்டினான், அதற்குத் தனிக் காசு.

மறுநாள் முதல் வண்டி. கேமரா ஐகானைத் தொட்டேன். கறுப்பாகவே நின்றது. மனதுக்குள் எண்ணினேன், ஆறு வரை போயிற்று. முதல் படம் எடுத்ததும் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அது நின்றால்தான் அடுத்த படம். பதினைந்தாவது படத்தில் போனின் முதுகு சுட்டது. ஆப்புக்குத் திரும்பிப் போனால், ஆப் முதலிலிருந்து திறக்கிறது. ஏற்றிய ஒன்பது படமும் காணோம். வண்டிக்காரர் என்னைப் பார்த்து, "போன் பழசா சார்?" என்று கேட்டார். வாங்கி ஒரு நாள் ஆகியிருக்கவில்லை.

கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அன்று சாயங்காலம், போனுக்குள் என்ன சிப் என்று காட்டுகிற சிபியூ-இசட் என்ற இலவச ஆப்பைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். திறந்ததும் முதல் பக்கத்திலேயே எல்லாம் இருந்தது. எட்டு கோரும் கார்டெக்ஸ்-ஏ53. எட்டும் ஒரே ஜாதி.

இதை எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். போன் சிப்புகளில் பெரும்பாலானவற்றின் கோர்களை வடிவமைப்பது ஆர்ம் என்ற நிறுவனம். சில கோர் பெரியது, சில சிறியது. பெரியது கடினமான வேலைக்கு, சிறியது பேட்டரியை மிச்சம் பிடிக்க. இரண்டையும் ஒரே சிப்பில் சேர்க்கிற ஏற்பாட்டை அவர்கள் 2011-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஏ53 என்பது 2012-ல் அறிவித்த சிறிய கோர். அதன் வேலைக்கு அது நல்ல கோர்தான், அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பாட்டு ஓடும்போது, போன் பையில் கிடக்கும்போது அது போதும். ஆனால் என் போனில் பெரிய கோர் ஒன்றுகூடக் கிடையாது. எட்டுச் சின்னப் பையன்களை வரிசையாக நிறுத்திவிட்டு பீரோவைத் தூக்கு என்றால் எப்படி?

ஏ53 வருகிற வேலையை வந்த வரிசையிலேயே செய்யும். முன்னால் நிற்பது மெமரியிலிருந்து ஏதாவது வரட்டும் என்று காத்திருந்தால், பின்னால் உள்ளதும் சேர்ந்து நிற்கும். டோக்கன் வரிசையில் முதல் ஆள் கையெழுத்துப் போடப் பேனா தேடுகிறார் என்று கவுன்டரே நின்றுபோகுமே, அதே கதை. 2018-ல் வந்த ஏ76 மாதிரி பெரிய கோர், தயாராக இருப்பதை முதலில் முடித்துவிட்டு மற்றதற்குத் திரும்பி வரும், ஒரே நேரத்தில் அதிகமாகவும் செய்யும். அதனால் 2.3 கிகாஹெர்ட்ஸ் ஏ53, 2.2 கிகாஹெர்ட்ஸ் ஏ76-க்குப் பக்கத்தில்கூட நிற்காது. கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அடி வைக்கிறது என்பதுதான், ஒரு அடியில் எவ்வளவு தூரம் என்பதை அது சொல்லாது. நண்பரின் போன் இரண்டரை வருஷப் பழசு, இரண்டு ஏ76-ம், ஏ53-க்கு அடுத்து வந்த சிறிய கோரான ஏ55 ஆறும் உள்ளது. இரண்டு போனிலும் வேகத்துக்கு மதிப்பெண் போடுகிற கீக்பெஞ்ச் ஆப்பை ஓட்டிப் பார்த்தோம். ஒற்றைக் கோர் மதிப்பெண்ணில் அவருடையது என்னுடையதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆப் திறப்பது, விரல் பட்டதும் நகர்வது எல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோரின் தலையில்தான் விழும். மீதி ஆறும் வேடிக்கை பார்க்கும்.

மற்றதையும் தோண்டினேன். 8 ஜிபி ரேம் என்றானே, ஸ்டிக்கரின் மூலையில் எறும்பு எழுத்தில் 4+4. அந்த இரண்டாவது நாலு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. அந்தச் சேமிப்பிடமும் வேகமான யுஎஃப்எஸ் வகை இல்லை, மெதுவான இஎம்எம்சி வகை. கேமரா 50 மெகாபிக்சல் என்பது சென்சாரின் கணக்கு. நாலு புள்ளியை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் சாதாரணமாகத் தருகிறது. அது தப்பில்லை, பெரிய போன்களும் செய்வதுதான். ஆனால் எடுத்த படத்தைச் சமைத்துக் கையில் கொடுப்பது பிராசஸருக்குள் இருக்கிற ஐஎஸ்பி என்ற பகுதி, அது இங்கே சின்னது. அதனால்தான் அந்த வட்டம். வீடியோ 1080-ஐத் தாண்டாது. பழைய போனிலேயே 4கே எடுத்தேன். தொண்ணூறு ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு 11 மில்லி செகண்டுக்கும் சிப் ஒரு படம் வரைந்து கொடுத்தாக வேண்டும். கடையில் ஒரு ஆப்பும் போடாத போனில் மெனுவைத் தள்ளினால் வழுக்கத்தான் செய்யும்.

சரி, இனி கடைக்காரர்கள்.

மூன்றாம் நாள் போனேன். அதே பையன். "புதுசுல அப்படித்தான் சார் இருக்கும், அப்டேட் வந்தா சரியாயிடும்." அப்டேட் வந்து ஏ53 ஏ76 ஆகிவிடுமா? ஐந்தாம் நாள் போனேன். "சர்வீஸ் சென்டர்ல காட்டுங்க." அரை நாள் சம்பளம் விட்டுப் போனேன். அங்கே ஒரு பெண் சோதனை ஓட்டிவிட்டு, எல்லாம் பச்சை டிக் விழுந்த தாளை நீட்டினார். "போன்ல குறையே இல்ல சார்." அவர் சொன்னது உண்மை. கஸ்டமர் கேரில் ஒரு புகார் எண் கொடுத்தார்கள், 48 மணி நேரத்தில் கூப்பிடுவோம் என்றார்கள். அடுத்த நாளே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் தெரியாது.

எட்டாம் நாள் மேலாளரைப் பார்த்தேன். பில்லின் அடியில் இருந்த வரியைப் பேனாவால் தட்டிக் காட்டினார்: சீல் பிரித்தால் திரும்பப் பெற இயலாது. பெட்டியில் சிப்பின் பெயரே இல்லையே, பிரிக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது என்றேன். பக்கத்தில் நின்ற அந்தப் பையன் குறுக்கே வந்தான். "சார், நீங்க பேர் கேக்கலையே. எத்தனை கோர்னு சொன்னேன், பெட்டியிலயும் அதேதான் இருக்கு."

பேச்சு வரவில்லை எனக்கு. பையன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பெட்டியிலும் ஒரு பொய்கூட இல்லை. என் பதினோரு மாதம் போய்விட்டது, புகார் கொடுக்கப் பிடி ஒன்றும் இல்லை. மேலாளர் பெரிய மனதோடு எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்கிறேன் என்றார், பாதி விலைக்கும் கீழே. எட்டே நாளில். நான் வாங்கிய விலைக்கே, பக்கத்து மேஜையில், இரண்டு பெரிய கோர் உள்ள 6 நானோமீட்டர் சிப்போடு ஒரு போன் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னுடையது 12 நானோமீட்டர். சிப்பை எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள் என்பதற்கான எண் அது, சின்னதாக இருந்தால் பொதுவாகச் சூடு குறைவு. என் போன் சுட்டதற்கு அதுவும் ஒரு காரணம். முதல் நாளே அந்த மேஜையைத் தாண்டித்தான் நடந்து வந்திருக்கிறேன். அதன் கேமரா எண் கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் என் பழைய போனிலும் எட்டு கோர்தான் இருந்திருக்கிறது. அதில் இரண்டு பெரியவை.

போன் வாங்குவது எப்படி என்று முழுசாக எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. கடைக்குப் போகும் முன் மாடலின் பெயரைத் தேடி, சிப்பின் பெயரை எடுங்கள். ஸ்னாப்டிராகனா, டைமென்சிட்டியா, ஹீலியோவா என்று சிப்பின் குடும்பப் பெயரை மட்டும் பார்த்து நிற்காதீர்கள், பின்னால் வரும் எண்தான் முக்கியம். அந்த எண்ணைத் தேடினால் என்ன கோர் என்று வந்துவிடும். ஏ76, ஏ78 என்று 70-களில் ஒன்றிரண்டாவது இருக்கிறதா பாருங்கள், வெறும் ஏ53, ஏ55 என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ரேமில் கூட்டல் குறி இருந்தால் முதல் எண் மட்டும் கணக்கு. இஎம்எம்சியா யுஎஃப்எஸ்ஸா என்று கேளுங்கள். காட்சிக்கு வைத்த போனில் மெனுவைத் தள்ளாதீர்கள், கேமராவைத் திறந்து விடாமல் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். சிப் பெயர் சொல்லாமல் விரலைக் காட்டினால் வெளியே வந்துவிடுங்கள்.

நாளைக்கு மூன்று வண்டி சர்வே இருக்கிறது. நண்பர் அவருடைய மனைவியின் பழைய போனைக் காலையில் கொண்டுவந்து தருகிறேன் என்றிருக்கிறார்.