லோக்சவுண்ட் 5 போட்ட ஆல்கோ: ஓட்டினால் சுகம், படிக்கப் போனால் ரோதனை

சவுண்ட் டீகோடர் (கட்டளையைப் புரிந்து மோட்டாரையும் சத்தத்தையும் இயக்கும் சின்ன சர்க்யூட்) போட்ட செகண்ட் ஹேண்ட் எச்ஓ அளவு மாடல் ரயில் லோகோக்கள் இப்போது விலை இறங்கியிருக்கின்றன, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். என்னிடம் இருப்பதும் அப்படி வாங்கியதுதான்: ஆல்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் சி-424 டீசல் லோகோவின் மாடல், உள்ளே ஈஎஸ்யூ நிறுவனத்தின் லோக்சவுண்ட் 5 டீகோடர். டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை), சி.வி. (டீகோடரின் அமைப்புகள் இருக்கும் எண்ணிட்ட நினைவிடங்கள்) எல்லாம் அவருக்குத் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என்னைப் படுத்துவது ஒன்றே ஒன்று. புரோகிராமிங் டிராக்கில் (சி.வி.க்களைப் படிக்கவும் எழுதவும் உள்ள தனித் தண்டவாளம்) வைத்து என்ன டீகோடர் என்று படிக்கப் போனால் எரர்.

சி.வி. 8-ஐப் படித்தால் தயாரிப்பாளர் எண் வரவேண்டும். 151 வந்தால் ஈஎஸ்யூ, 145 ஜிமோ, 141 சவுண்ட்டிராக்ஸ், 129 டிஜிட்ராக்ஸ். இது தெரியாமல் எதிலும் கை வைக்க முடியாது. மொத்த வால்யூமையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஈஎஸ்யூவில் சி.வி. 63, ஜிமோவில் 266, சவுண்ட்டிராக்ஸின் சுனாமியில் 128. சரி, 151 வந்துவிட்டது என்றே வைப்போம். அதுவும் பாதிக் கிணறுதான். லோக்சவுண்ட் 4-ஆ 5-ஆ என்று தெரிய சி.வி. 31-ல் 0, 32-ல் 255 எழுதி, 261 முதல் 264 வரை படிக்க வேண்டும். ஜேஎம்ஆர்ஐ-யின் டீகோடர்புரோ என்ற கணினி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, இத்தனையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் முதலில் லோகோ பதில் சொல்லியாக வேண்டுமே!

டீகோடர் பதில் சொல்வது மோட்டாரை வைத்து. கமாண்ட் ஸ்டேஷன் (கட்டளைகளை அனுப்பும் பெட்டி) எண்ணை ஒவ்வொரு பிட்டாகக் கேட்கும். கேட்ட பிட் சரி என்றால் டீகோடர் ஒரு 6 மில்லி விநாடிக்கு 60 மில்லியாம்பாவது கூடுதலாக இழுக்கும். ஸ்டேஷன் அதைப் பார்த்து 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் குனிந்து பார்த்தால் லோகோ டிக், டிக் என்று மயிரிழை அளவு நகர்வது தெரியும். என் ஆல்கோவும் ஒன்றிரண்டு முறை அப்படி நகரும். அடுத்து ஹேண்ட்செட்டில் எரர்.

காரணம் முன்பு வைத்திருந்தவர் சேர்த்த, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர் பேக். தண்டவாளத்தில் தூசி இருந்தால் சத்தம் அறுந்துபோகாமல் காப்பாற்றுவது அதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மின்சாரம் வந்ததும் அது தன்னை நிரப்பிக்கொள்ள இழுக்கிறது. புரோகிராமிங் டிராக்கில் 100 மில்லி விநாடிக்கு மேல் 250 மில்லியாம்ப் தாண்டக் கூடாது என்பது என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) விதி. பேக் அதைத் தாண்டி இழுத்தால் எரர்தான். சவுண்ட் டீகோடர் பரவலாவதற்கு முன் வந்த விதி, டீகோடர் கருகாமல் இருக்கப் போட்டது, நியாயமானதும்கூட. எனக்குக் கோபம் கமாண்ட் ஸ்டேஷன் செய்தவர்கள் மேல்தான். சவுண்ட் லோகோ ஓட்டத்தான் அதை வாங்கினேன். இப்படி ஆகும் என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை, திரையிலும் வெறும் எரர். டீகோடர் செத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். பேக்கின் வயரைக் கழற்றினால் அடுத்த நொடியே 151 என்று படிக்கிறது. ஒவ்வொரு தடவையும் பாடியைக் கழற்றி, கைப்பிடிக் கம்பிகள் உடையாமல் திரும்ப மாட்டுவது லேசான வேலை இல்லை.

எழுதுவதில் இந்தத் தொல்லை இல்லை. எரர் என்று காட்டினாலும் பெரும்பாலும் எழுதியது ஏறிவிடுகிறது. சி.வி. 8-ல் 8 எழுதினால் ரீசெட் ஆகி, லோகோவைக் கூப்பிடும் முகவரி 3-க்கு வந்துவிடும். மற்றதை ரயில் ஓடும் மெயின் டிராக்கிலேயே எழுதிக்கொள்ளலாம்.

இனி சத்தம். சி-424-ன் இன்ஜின் 16 சிலிண்டர் 251பி, 2400 குதிரைத்திறன். 1964 முதல் வாரணாசியில் கட்டிய நம்ம டபிள்யூடிஎம்-2 டீசல் லோகோவுக்குள் இருந்ததும் அதே 251பிதான், 2600-க்கு ஏற்றியது. பொன்மலை ஷெட் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த ஐடில் சத்தத்தை விளக்கவே வேண்டாம். ஹேண்ட்செட்டின் எஃப்9 பொத்தானில் டிரைவ் ஹோல்டைப் போட்டுவிட்டு த்ராட்டிலைத் திருகினால் வேகம் அப்படியே நிற்க, இன்ஜின் மட்டும் நாட்ச் நாட்சாக, படிப்படியாக ஏறும். நீளமான சரக்கு ரயிலை மேட்டில் இழுக்கிற அந்தத் திணறல் சர்க்கரைக் கட்டி அளவு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்று இன்னும் நம்ப முடியவில்லை.

கடையிலிருந்து வந்த அளவில் ஹாரன் இன்ஜினை அமுக்கிவிடும். சி.வி. 31-ல் 16, 32-ல் 1 வைத்து, 259-ல் இன்ஜினையும் 275-ல் ஹாரனையும் தனித்தனியாகச் சரிசெய்யலாம். நான் ஹாரனைப் பாதியாக்கினேன், சிறிய அறைக்கு அதுதான் சரி. மெதுவாக ஊரும்போது உதறினால் சி.வி. 54-ல் 0 எழுதி எஃப்1 அழுத்துங்கள். லோகோ ஒரே பாய்ச்சலாக ஓடி மோட்டாரைத் தானே அளந்துகொள்ளும். எதிரே நீளமான பாதை காலியாக இருக்கட்டும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பருக்கு நான் சொன்ன பதில்: வாங்காதீர்கள். நேற்று ராத்திரியும் பாடியைக் கழற்றிய எரிச்சல் இன்னும் போகவில்லை, அதனால் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விலை ஆசை விடவில்லை என்றால், சி.வி. 8 படித்த எண் திரையில் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். 21 பின் சாக்கெட் உள்ள, சத்தமில்லாத லோகோவாகப் பார்த்து வாங்கி, டீகோடரைத் தனியாக வாங்கிச் செருகுங்கள். கெபாசிட்டர் சேர்ப்பதாக இருந்தால், முழுக்கப் படித்து டீகோடர்புரோவில் சேமித்த பிறகு சேருங்கள்.