அம்மா கண்ணுக்கு தையலுக்கு பதிலா பசை, 5க்கு 4 ஸ்டார்
உசிலம்பட்டி வெயில்ல அத்தன வருசமா களை எடுத்து அம்மாவுக்கு கண்ணுல சதை வளந்து கருவிழி வரைக்கும் வந்துருச்சு. மதுரைல ஒரு கண் ஆஸ்பத்திரில சதைய எடுத்துட்டு அதே கண்ணோட வெள்ளப் பகுதில மேல்பக்கத்துல இருந்து மெல்லிசா ஒரு சவ்வு எடுத்து வச்சு ஃபைப்ரின் பசை போட்டு ஒட்டிட்டாங்க.

காயம் பட்டா ரத்தம் உறையுதுல்ல, அதே டெக்னிக்தான், ஃபைப்ரினோஜன்ங்கற ரத்தப் புரதம் ஒரு பக்கம், அத உறைய வைக்கிற த்ராம்பின் ஒரு பக்கம், ரெண்டும் கலந்ததும் வலை மாதிரி பிடிச்சுக்குது, அப்புறம் உடம்பே கரைச்சிரும். அமெரிக்கால 1998லயே ஆபரேஷன்ல ரத்தக்கசிவ நிறுத்த இந்த மாதிரி பசைக்கு அனுமதி குடுத்துட்டாங்க. (பாறைல ஒட்டுற கடல் சிப்பியோட புரதத்த பாத்தும் ஈரத்துல பிடிக்கிற பசைக்கு ஆராய்ச்சி நடக்குது, செம்மல்ல?)

தையல் போட்ட பக்கத்து வீட்டு பெரியம்மா ஒரு வாரம் கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதுன்னு பொலம்புனாங்க, எங்கம்மா மூணாம் நாளே சீரியல் பாக்க உக்காந்துருச்சு.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, பசைக்கு தனி காசுன்னு பில்லு போடுறப்பதான் சொல்றாங்க, மனுச ரத்த பிளாஸ்மால செஞ்சதுங்கறதும் நாங்களா கேட்டப்புறம்தான். முன்னாடியே சொல்ல வேணாமா?

கண்ண கசக்குனா ஒட்டுனது நகந்துரும், அதனால ராத்திரி பிளாஸ்டிக் மூடி கட்டித்தான் அம்மாவ படுக்க வச்சோம், அதுக்கு நாங்க வாங்குன திட்டு தனி.