சாமான் விற்க சாமியானா: ஒரு வாடகைக் கடை அனுபவம்

சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஒரு வாடகைக் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் கவிழ்த்து வைத்த பிரியாணி அண்டாக்களும் சுவரில் சாய்த்த மூங்கில் கழிகளும்தான் அடையாளம். கல்யாணம், காதுகுத்து என்றால் சாமியானாவும் மேஜையும் எடுக்க அங்கே போவார்கள். நான் போனது வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்பதற்கு.

ஏற்காட்டில் சின்னதாக ஒரு வீடு அமைந்துவிட்டது. அழகாபுரத்தில் நாற்பது வருஷமாகச் சேர்த்ததை இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்ற மூன்று லோடு ஆகும் என்றார் வண்டிக்காரர். ஒரு லோடுக்கு மேல் கிடையாது என்று நான் முடிவு செய்துவிட்டேன். மலை ஈரத்துக்கு இலவம்பஞ்சு மெத்தையும் பிளைவுட் அலமாரியும் எத்தனை நாள் தாங்கும்? மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு பழைய சாமான்காரர் வந்தார். வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு 9,000 ரூபாய் என்றார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் தையல் மெஷினைக் காலால் தட்டிப் பார்த்தார் பாருங்கள், அதோடு அவரை அனுப்பிவிட்டேன்.

வாடகைக் கடையில் எட்டு மடக்கு மேஜை, விரிப்புத் துணி, ஒரு சாமியானா, ஆறு பிளாஸ்டிக் சேர், இரண்டு டியூப்லைட், ஒரு ஜங்ஷன் பாக்ஸ். இரண்டு நாளைக்கு 2,400 ரூபாய் பேசி 500 அட்வான்ஸ் கொடுத்தேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார், சொன்னேன். மனிதர் அந்தக் காலத்தில் சந்தை சந்தையாகப் போய்ப் பாத்திரம் விற்றவராம். உடனே ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் வெள்ளி, சனி என்று நினைத்திருந்தேன். “வெள்ளிக்கிழமை யாராச்சும் வீட்டுச் சாமான வெளிய குடுப்பாங்களாம்மா? நீங்க குடுத்தாலும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சும்மா விடுவாங்களா?” என்றார். அது சரிதான். மாதம் பிறந்து முதல் சனி, ஞாயிறு வைக்கச் சொன்னார், சம்பளம் கையில் இருக்கும். முகூர்த்த நாளாகவும் இருக்கக் கூடாது. அன்றைக்கு அவரிடம் மேஜை இருக்காது, வாங்குகிறவர்களும் மண்டபத்தில் இருப்பார்கள். இன்னொன்றும் சொன்னார்: “காலையில ஆறு மணிக்கே மொத்தமா கேட்டு ஒருத்தர் வருவார். குடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மிஞ்சுனதுக்கு அவரையே கூப்பிடுங்க.”

சனிக்கிழமை ஆறேகாலுக்கு ஒருவர் இல்லை, மூன்று பேர் வந்தார்கள்.

மேஜை இறக்க வந்த பையனையும் சொல்ல வேண்டும். நான் நல்ல சாமானைப் பத்திரமாக உள்பக்கம் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் டப்பாக்களையும் பழைய பெட்ஷீட்டையும் கேட்டுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தேன். “ரோட்டுல போறவங்க கண்ணுல பித்தளை படணுங்கம்மா” என்று தவலையையும் அண்டாவையும் அவனே தூக்கி முன்னால் வைத்தான். வண்டியை நிறுத்தியவர்களில் பாதிப் பேர் அந்த அண்டாவைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள். அது போனது ஞாயிறு மத்தியானம். அதற்குள் அதைப் பார்க்க வந்தவர்கள் வேறு என்னென்னவோ வாங்கிப் போயிருந்தார்கள்.

ஜங்ஷன் பாக்ஸுக்கு 50 ரூபாய் தண்டம் என்று முதலில் நினைத்தேன். மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் வந்தவர்கள் முன்னாலேயே ஓட்டிக் காட்டியதும்தான் அதன் அருமை தெரிந்தது. ஓடுகிற மிக்ஸியைப் பார்த்த பிறகு பேரம் நூறு ரூபாயோடு நின்றுவிடுகிறது. ஓடுமா என்று சந்தேகம் இருந்தால் பாதி விலைக்குத்தான் கேட்பார்கள்.

கேஸ் சிலிண்டரையும் நாலைந்து பேர் கேட்டார்கள். அதை அப்படி விற்கக் கூடாது. ரெகுலேட்டரோடு ஏஜென்சியில் ஒப்படைத்துக் கட்டிய டெபாசிட்டை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு இருந்த பெரிய கவலை சீர் பாத்திரங்கள். எல்லாவற்றிலும் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி, 1984 என்று வருஷமும் போட்டிருக்கும். யார் வாங்குவார்கள் என்று பெயர் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். சாமியானாக் கயிற்றை இழுத்துக் கட்ட வந்த கடைக்காரர் ஒவ்வொன்றாக முன்பக்கம் திருப்பினார். “வருஷம் இருந்தாத்தாம்மா பழைய கெட்டிப் பாத்திரம்னு நம்புவாங்க.” ஒரு பெண் தூக்குவாளியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அடுத்தவங்க பேர் போட்டத எடுத்துட்டுப் போனா மாமியார் ஏசுவாங்கக்கா, பேருக்குன்னு ஒரு அம்பது கொறைங்க” என்றாள். என் பெயருக்கு 50 ரூபாய் தள்ளுபடி! சாயங்காலம் அம்மாபேட்டையிலிருந்து வந்த ஒரு பாட்டி இட்லிக் கொப்பரையில் இருந்த ‘மீ’யைப் பார்த்துவிட்டு, பேத்தி பேரும் அதில்தான் ஆரம்பம் என்று சொன்ன விலையைக் கொடுத்து மடியில் கட்டிக்கொள்ளாத குறையாக எடுத்துப் போனார்.

குறை இல்லாமல் இல்லை. ஐந்து மணிக்கு வருகிறேன் என்ற வண்டி ஐந்தே முக்காலுக்குத்தான் வந்தது. ஆறேகாலுக்கு வந்தவர்கள் முன்னால் நான் நைட்டியோடு மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன். விரிப்புகளில் இரண்டில் சாம்பார்க் கறை. சாமியானாவுக்குப் பக்கத் துணி தரவில்லை. மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது, சேலம் வெயிலைச் சொல்லவா வேண்டும்? மெத்தை விரிப்பைக் கட்டிச் சமாளித்தோம். கடைசியில் பில்லில் 300 ரூபாய் ஏற்றுக்கூலி இறக்குக்கூலி என்று இருந்தது. பேசும்போதே சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன், முணுமுணுத்திருக்க மாட்டேன்.

மொத்தம் 38,650 ரூபாய் தேறியது. ஞாயிறு சாயங்காலம் அதே பழைய சாமான்காரரைக் கூப்பிட்டேன். மிஞ்சியதற்கு 2,500 கொடுத்தார், அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இந்த முறை எதையும் காலால் தட்டவில்லை. ஐந்துக்கு நாலு மதிப்பெண் தருகிறேன். அந்த ஒன்று பக்கத் துணிக்கும் கூலிக்கும் போயிற்று.

நியாயமாக எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எவர்சில்வர் மேஜையை அவரிடம் விட்டிருந்தேன். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நிக்கல் சேர்ந்த உருக்கு, காந்தம் ஒட்டாது பாருங்கள் என்று ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்தினார். அந்த மும்முரத்தில் யாரோ “சார், இது எவ்வளவு?” என்று கேட்க, திரும்பிக்கூடப் பார்க்காமல் 200 என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் பையன் எண்ணிப் பார்த்தான். சேர் ஐந்துதான் இருந்தது.

கடைக்காரருக்கு நானே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “ஏனுங்கம்மா, என்ன விலைக்குப் போச்சு?” என்றார்.

“இருநூறு.”

“மத்த அஞ்சையும் குடுத்திருக்கலாமேங்கம்மா” என்றார்.